சமய உரையாடலால் யூதர்களும் முஸ்லிம்களும் இணங்குவார்கள் என்று நம்பலாமா?

நம்பலாம். காஸா செய்திகளைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

எனக்கு ஊர் கம்பம். அத்தா ஏலக்காய் வியாபாரி. 2012 முதல் நான்கு வருடம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினேன். அதுவரை 'யூதன்' என்பதை வசவாக மட்டுமே கேட்டு வளர்ந்திருந்தேன். மண்டிக்குப் பக்கத்திலேயே 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம். ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே நீலச் சித்திரம் வரைந்த சீனத்து ஓடுகள், காலுக்குச் சில்லென்று இருந்தன. பள்ளிவாசலைப் போலவே எங்கும் ஓர் உருவம் கிடையாது. அதே தெருவில் சாரா கோஹன் என்ற யூத அம்மாவின் பூத்தையல் கடை. 2019-இல் அவர் இறக்கும்வரை பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம்.

2014-இல் இஸ்ரேலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கொச்சிக்குப் பக்கத்துப் பறவூரில் பிறந்து 1954-இல், ஆறு வயதில், குடும்பத்தோடு கப்பலேறியவர். பிறந்த வீட்டைத் தேடித் தரச் சொன்னார். பஸ்ஸில் கூட்டிப் போனேன். வழியில் அஸர் தொழுகைக்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கு, பாங்கு கேட்டது. நான் தொழுதுவிட்டு வரும்வரை என் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு சின்ன வயதுக் கதை சொன்னார். சனிக்கிழமை யூதர்கள் நெருப்பு மூட்டக் கூடாதாம். பக்கத்து வீட்டு முஸ்லிம் உம்மா வந்து விளக்கேற்றிக் கொடுப்பாராம். அந்த உம்மாவின் பெயர்கூட அவருக்கு நினைவிருந்தது. திரும்பும்போது பாலஸ்தீனப் பேச்சு வந்து கடுமையாக வாதாடினோம். அவர் மகன் ராணுவத்தில் இருந்தவன். எதிலும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வார்.

'அநியாயத்தை டீ குடித்து மறக்கச் சொல்கிறாயா' என்று யாராவது எழுதுவீர்கள். இல்லை. பாலஸ்தீனர்களுக்கு நாடும் உரிமையும் கிடைத்தாக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்காகப் பேசவே கூடாதா? ராமி எல்ஹனானின் மகள் ஸ்மதர் 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பில் செத்தாள். பஸ்ஸாம் அராமினின் மகள் அபீர், பத்து வயதுப் பிள்ளை, 2007-இல் இஸ்ரேல் எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் குண்டில் செத்தாள். இந்த யூதத் தகப்பனும் முஸ்லிம் தகப்பனும் சொந்தங்களைப் பறிகொடுத்த இரு தரப்புக் குடும்பங்களுக்காக 1995-இல் தொடங்கிய 'பேரண்ட்ஸ் சர்க்கிள்' அமைப்பில் சேர்ந்து, ஊர் ஊராக ஒன்றாகப் போய்ப் பேசுகிறார்கள். ஆக்கிரமிப்பு தவறு என்று இருவரும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

எனக்கு ஆகாதது பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுக்கிற நல்லிணக்கக் கூட்டங்கள். சென்னையில் ஒன்றில் முஸ்லிம் பிரதிநிதி என்று என்னை மேடையேற்றினார்கள். அந்த வாரம்தான் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தேன். அட்வான்ஸ் வரை பேசி முடித்த வீட்டில்கூட, பெயரைக் கேட்டதும் 'ஓனர் சைவம் பார்க்கிறார் சார்' என்றார் புரோக்கர். பதினோரு வீடு. இங்கே கேள்வி அதுவல்ல, தெரியும். ஆனால் நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு நான் அந்தப் பெரியவரைக் கூப்பிடவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "மோனே, நீ என்னோடு பேச மாட்டாயா?" என்றார். நான் நலம் விசாரிக்கவில்லை. காஸாவில் சாகிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினேன், கத்தினேன் என்றே சொல்லலாம். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லு" என்றார். நான் முடித்த பிறகு, கடத்திப் போகப்பட்ட தன் நண்பரின் பேத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நானும் போனை வைக்கவில்லை.