வீட்டில் செய்த ஆயுதம்: ஒரு வக்கீலிடம் சில கேள்விகள்

மலையடிவார ஊர் ஒன்றில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். ஆயுதச் சட்ட வழக்குகள் அடிக்கடி வரும். தெரிந்ததைச் சொல்கிறேன். எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் கிடையாது.

அண்ணா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். எங்கள் லேபில் 3டி பிரிண்டர் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் துப்பாக்கி அச்சடித்தால் குற்றமா? 1959-இல் வந்த சட்டத்துக்குப் பிரிண்டரைப் பற்றி என்ன தெரியும்?

பிரிண்டரைப் பற்றித் தெரியாது தம்பி. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வெடிமருந்தாலோ வேறு வகை ஆற்றலாலோ எதையாவது பாய்ச்சும்படி வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த ஆயுதம் எதுவும் துப்பாக்கிதான் என்று சட்டம் சொல்கிறது. இரும்பா பிளாஸ்டிக்கா, பட்டறையா லேபா என்ற கேள்வியே அதில் இல்லை. ‘வேறு வகை ஆற்றல்’ என்று எழுதி வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். மின்காந்தத்தில் இயங்கும் துப்பாக்கியும் அந்தச் சொற்களுக்குள் வந்துவிடும்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால் முன்பு 3 முதல் 7 வருடம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். சும்மா செய்து பார்த்தேன், சுடவே இல்லை என்பது தண்டனையைப் பற்றிப் பேசும்போது உதவலாம், குற்றமே இல்லை என்று சொல்ல உதவாது. ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். லேபில் சும்மா நிற்கும் பிரிண்டர் ஆயுதமாகிவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் முதலில் சீல் வைத்துத் தூக்குவது அதைத்தான். உங்கள் துறைத் தலைவரிடம் அதை விளக்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியது, சுடும் ஆயுதமாக மாற்றவே முடியாதது என்றால் அது சட்டத்துக்கு வெளியே. அதை முடிவு செய்வது நீங்களும் நானும் அல்ல, தடய அறிவியல் நிபுணர்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். அச்சடிக்காமல், துப்பாக்கியின் வரைபட ஃபைலை மட்டும் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால்?

நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த நினைப்பே வேண்டாம். சிங்கப்பூர் 2021-இல் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியில்லாமல் துப்பாக்கியின் டிஜிட்டல் வரைபடம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அதற்கு 14 வருடம் வரை போகலாம்.

இந்திய ஆயுதச் சட்டம் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, ஃபைல் என்று தனியாக ஒரு வரி இல்லை. அது பெரிய ஓட்டை என்று யாரும் குதிக்க வேண்டாம். ஃபைலோடு பாதி அச்சடித்த பாகமும், ‘எப்போது முடியும்’ என்று கேட்கும் வாட்ஸ்அப் செய்தியும் சேர்ந்தால் அரசுத் தரப்புக்கு அதுவே சாட்சியம்.

எல்லா நாடுகளும் ஃபைலைப் பிடிக்க ஏன் அலைகின்றன? 2013-இல் அமெரிக்காவில் ஒருவர் பிளாஸ்டிக் துப்பாக்கியின் வரைபடத்தை இணையத்தில் போட்டார். அரசு எடுக்கச் சொன்னபோது எடுத்தும்விட்டார். ஆனால் இரண்டே நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது இறங்கிவிட்டது. கொட்டிய பாலை அள்ள முடியுமா?

ஐயா, எங்கள் ஊர் ஜவ்வாது மலை. தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று கூரையில் சொருகிக் கிடக்கிறது. யாரும் சுட்டு இருபது வருடம் இருக்கும். லைசென்ஸ் கிடையாது.

என்னிடம் வரும் ஆயுத வழக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கூரைதான். 3டி பிரிண்டரோடு இதுவரை ஒருவர்கூட வரவில்லை. வருவது கொல்லைக் காவலுக்கு வைத்திருந்தவர், தேன் எடுக்கப் போனவர், யாரோ கொடுத்து வைத்ததை எடுத்து வைத்தவர்.

வைத்திருப்பதே குற்றம். 2019-க்குப் பிறகு குறைந்தது 2 வருடம், 5 வருடம் வரை போகலாம். தகுந்த சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் அதற்கும் குறைவாகத் தரலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. பயன்படுத்தவில்லை என்பது பதில் ஆகாது. துருப்பிடித்துச் சுடவே முடியாத நிலையில் இருந்தால் வாதாட இடம் உண்டு. இன்னொன்று: லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த வழக்கில் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் வழக்கைத் தொடர முடியாது. அந்தக் காகிதம் இல்லாமல் விழுந்த வழக்குகள் உண்டு.

மலைக் கிராமங்களில் போலீசும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிப்பார்கள்: இந்தத் தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று. ஊர்ப் பெரியவர்கள் மூலமாகக் கொடுப்பார்கள். அதுதான் உங்களுக்கு வழி. கிணற்றில் போடாதீர்கள். தூர்வாரும்போது வேறு யாராவது மாட்டுவார்கள். விற்கவே விற்காதீர்கள், அது இன்னும் பெரிய குற்றம்.

எல்லாருக்கும் ஒரே சட்டமா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. கர்நாடகத்தின் குடகில் கொடவர் சமூகத்துக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருவது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்றது. துப்பாக்கி அவர்கள் பண்பாடு என்பது காரணம். நம் மலைக்காரர்களுக்கும் நரிக்குறவர்களுக்கும் அது பண்பாடு இல்லையா? சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைக்கிறார்கள். நாங்களும் வைக்கலாமா?

வேண்டாம். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். அவுட்டுக்காய் சட்டத்தின் கண்ணில் பட்டாசு அல்ல, 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தில் வருவது. 10 வருடம் வரை போகலாம். சந்தேகப்படும் சூழ்நிலையில் வெடிபொருள் கையில் இருந்தால், நல்ல காரியத்துக்குத்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அதன் மேல் 1972 வன உயிரினச் சட்டம்.

பன்றிக்கு வைத்தது பன்றியோடு நிற்பதில்லை. யானை கடிக்கும், மாடு கடிக்கும். வாய் சிதைந்த யானை தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் ஆற்றில் நின்றபடி செத்த கர்ப்பிணி யானையை மறந்திருக்க மாட்டீர்கள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுடுவது வனத்துறை, நீங்கள் அல்ல. ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், பயிர் இழப்பீட்டுக்கும் சேர்த்தே கொடுங்கள்.

மகள் இரவு ஷிஃப்டுக்குப் போகிறாள். பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம் அம்மா, லைசென்ஸ் தேவையில்லை. விமானத்தில் கைப்பையில் மட்டும் வேண்டாம். தற்காப்புக்கு அடித்தால் சட்டம் துணை நிற்கும். வாய்த்தகராறில் அடித்தால் நிற்காது. 2024-இல் அப்படி ஒரு தகராறு வழக்கை ரத்து செய்ய மறுத்த கர்நாடக உயர் நீதிமன்றம், ஸ்பிரேயை அபாயகரமான ஆயுதம் என்றே பார்த்தது.

கோவில் கொடையில் அரிவாளோடு ரீல்ஸ் போட்டேன். ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள். அரிவாள் விவசாயக் கருவிதானே?

விவசாயத்துக்கென்றே செய்த அரிவாள் ஆயுதச் சட்டத்தில் வராது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, விவசாயத்துக்கல்லாத வெட்டுக்கருவிதான் விதியில் இருக்கிறது. ஆனால் நெல் அறுக்கும்போது யாரும் பின்னணியில் பஞ்ச் டயலாக் போடுவதில்லை. ‘எவன்டா வர்றான்’ என்று ஓடினால் மிரட்டல் வழக்காகும். 2021-இல் கொலைகள் தொடர்ந்தபோது, வாங்குகிறவர் பெயர், முகவரியை எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் போலீஸ் சொன்னது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன மாநிலத்தில் நோட்டுப் புத்தகம்! வீடியோவை அழித்துவிட்டுப் போகாதீர்கள், அப்படியே வக்கீலோடு போங்கள்.

ட்ரோனில் சரவெடி கட்டிக் கல்யாண மண்டபத்துக்கு மேல் வெடிக்கலாமா?

கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி வெடிபொருளை ட்ரோனில் ஏற்ற மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதே வருடம் ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் குண்டு போட்டது. அதன் பிறகு ‘ட்ரோனில் வெடி’ என்று கேட்டால் எந்த இன்ஸ்பெக்டரும் சிரிக்க மாட்டார். பூ தூவுங்கள், போதும்.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் ஜப்பானில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுவிட்டார்களே சார்? பிறகு சட்டம் எதற்கு?

2022 ஜூலை 8, நாரா நகரம். டேப் சுற்றிய, வீட்டில் செய்த துப்பாக்கி. துப்பாக்கி மரணமே அபூர்வமான நாடு அது. தாயின் சொத்தையெல்லாம் ஒரு மத அமைப்பு நன்கொடையாக வாங்கிக் குடும்பம் நொடித்துப்போன கோபம், அந்த அமைப்போடு அபேக்குத் தொடர்பு இருப்பதாக நினைத்தது, இவைதான் காரணமாக வெளிவந்தன. 2024-இல் ஜப்பான் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, சட்டவிரோதத் துப்பாக்கிக்கு இணையத்தில் தூண்டுவதையும் குற்றமாக்கியது. ஆனால் 2025 மார்ச்சில் டோக்கியோ நீதிமன்றம் அந்த மத அமைப்பைக் கலைக்கவும் உத்தரவிட்டது. துப்பாக்கியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது.

அமெரிக்காவில் பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தும் ‘பேய்த் துப்பாக்கி’களுக்கு வரிசை எண்ணும் வாங்குபவரைப் பற்றிய சோதனையும் வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2025-இல் 7-2 என்று ஏற்றது. எண் இருந்தால் குண்டு பாயாது என்பதில்லை. சுட்டது யாருடையது என்று தேட ஒரு நூல் கிடைக்கும். சட்டத்தால் முடிவது பெரும்பாலும் அந்த அளவுதான்.

ஐயா, நான் ஜவ்வாது மலைக்காரன்தான். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. நாளைக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடவா?

அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். வழியில் சோதனையில் சிக்கினால் ‘ஒப்படைக்கத்தான் போனேன்’ என்பதை யார் நம்புவார்கள்? துப்பாக்கி கூரையிலேயே இருக்கட்டும். முதலில் வெறுங்கையோடு ஊர்த் தலைவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவர் ஸ்டேஷனில் பேசி நாள் குறிப்பார். கொடுத்த பிறகு கையெழுத்தோடு ரசீது வாங்காமல் வராதீர்கள்.