உங்க பொண்ணு சீரிஸ்ல எதைப் பார்க்குறா?

மேடம், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு எந்நேரமும் சீரிஸ்தான் பார்க்குறா, இப்போ சீரிஸ் எப்படி எடுக்கிறாங்கங்கிறதையே படிக்கப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, இதெல்லாம் ஒரு படிப்பானு கேட்டிருக்கீங்க. படிப்புதான், சந்தேகமே வேணாம். ஆனா சீரிஸ் பிடிக்கும்ங்கிறது அதுக்கு தகுதி ஆகாது, அது எல்லாருக்கும்தான் பிடிக்கும். கதை சொல்றவங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க, அந்தக் கதை நம்ம கண்ணு வழியா எப்படி உள்ள இறங்குச்சுன்னு சொல்றவங்க கம்மி, உங்க பொண்ணு எந்தப் பக்கம்னுதான் முதல்ல பார்க்கணும்.

2017ல வந்த தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்ங்கிற சீரிஸ் எடுத்துக்கோங்க. பொண்ணுங்களை அடிமையா வெச்சிருக்கிற ஒரு கற்பனை நாடு. பிள்ளை பெத்துக் கொடுக்கவே வெச்சிருக்கிறவங்களுக்கு சிவப்பு அங்கி, எஜமானிகளுக்கு நீலப்பச்சை, ஒரு ரூமுக்குள்ள ரெண்டு பேர் நின்னாலே யார் கை ஓங்கியிருக்குனு வசனமே இல்லாம தெரிஞ்சுடும். அந்த சிவப்பு அங்கிக்காரங்க வெளிய போகும்போது போடுற வெள்ளைத் தொப்பி இருக்கே, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், பக்கவாட்டுல பார்க்கவே விடாது. இப்போ கேமராவை கவனிங்க, ஹீரோயின் மூஞ்சிக்கு ரொம்ப கிட்ட போய், பின்னாடி இருக்கிறதையெல்லாம் அவுட் ஆஃப் ஃபோகஸ் பண்ணிடும். தொப்பி அவளுக்கு என்ன பண்ணுதோ அதையே லென்ஸ் நமக்குப் பண்ணுது. இதை யாரும் சொல்லிக் கொடுக்காம உங்க பொண்ணு கவனிச்சிருந்தா, நீங்க கவலைப்படுறதை அப்பவே பாதி குறைச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும், சிவப்புன்னா ஆபத்து, வெள்ளைன்னா தூய்மைனு மனப்பாடம் பண்ணி எழுதுற பழக்கம் இருந்தா அதை விடச் சொல்லுங்க, எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலா வரும். பிரேக்கிங் பேட்னு ஒரு சீரிஸ், அதுல ஹீரோவோட மச்சினி மேரிக்கு எல்லாமே ஊதா, டிரெஸ்ல ஆரம்பிச்சு வீட்டு சாமான் வரைக்கும். ஊதாவுக்கு பொதுவா என்ன அர்த்தம்னு தேடுறதுல பிரயோஜனமே இல்ல, அந்தப் பொம்பளை ஏன் ஒரே கலருக்குள்ள தன்னை மூடிக்கிறானு கேட்டாதான் ஏதாவது கிடைக்கும்.

வேலைனு பார்த்தா இதுல தனித்தனி பிரிவு இருக்கு. காஸ்ட்யூம் பக்கம் வெறும் டிசைன் இல்ல. ஷூட்டிங் கதை வரிசைப்படி நடக்காது, சண்டைக்கு அப்புறம் வர்ற சீனை காலையில எடுத்துட்டு சண்டைக்கு முன்னாடி சீனை சாயங்காலம் எடுப்பாங்க, அதனால ஒரே சட்டை நாலஞ்சு காப்பி இருக்கும், எதுல எவ்வளவு ரத்தக்கறை, எந்த பட்டன் பிஞ்சிருக்குனு போட்டோவோட குறிச்சு வெக்கணும். புதுத் துணியை உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பழசாக்குறதுக்கே தனி ஆள் உண்டு. கேமரா பக்கம் போனா கொஞ்சம் பிசிக்ஸ் வேணும். வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்ங்கிற அளவுல சொல்வாங்க, மஞ்சளா எரியுற டங்ஸ்டன் லைட் 3200 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5600, கேமராவை 3200ல வெச்சு பகல்ல எடுத்தா படம் முழுக்க நீலம் பாயும், அது தப்பாவும் இருக்கலாம், வேணும்னே பண்ணதாவும் இருக்கலாம். க்ளோஸ்அப்ல நடிகர் லேசா முன்னாடி சாஞ்சாலே கண்ணு ஃபோகஸ்ல இருந்து போயிடும், அதைப் பிடிச்சு வெக்கிற ஃபோகஸ் புல்லர் வேலை ரொம்ப பேருக்கு தெரியாது. கடைசில கலரிஸ்ட், எடுத்து முடிச்ச படத்தோட கலரை சரி பண்றவர், நாள் பூரா இருட்டு ரூம்ல மானிட்டர் முன்னாடி.

வருமானம்? ஒளிக்காம சொல்றேன், பெரும்பாலும் ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டா வரும், நடுவுல சும்மா இருக்கிற மாசமும் வரும், ஷூட்டிங் நாள்னா பத்து பன்னெண்டு மணி நேரம் சாதாரணம். இதை அவகிட்டயும் சொல்லிடுங்க.

இப்போதைக்கு இதை செய்யச் சொல்லுங்க. பிடிச்ச சீரிஸ்ல ஒரு அஞ்சு நிமிஷ சீன், சவுண்டை ம்யூட் பண்ணிட்டு, கேமரா எந்த உயரத்துல இருக்கு, எப்போ நகருது, யார் டிரெஸ் சுவரோட கலர்லயே கரைஞ்சு போகுது, யாரோடது தனியா தெரியுதுனு ஒரு பேப்பர்ல எழுதட்டும். அப்புறம் போன்லயே ஒரு நிமிஷ சீன், வசனமே இல்லாம, ஒருத்தருக்கு இன்னொருத்தர் மேல பயம்னு தெரியுற மாதிரி எடுக்கட்டும். எழுதினது நல்லா இருந்து எடுத்தது சுமாரா இருந்தா மீடியா ஸ்டடீஸ் மாதிரி படிப்பைப் பத்தி பேசலாம், எடுத்தது நல்லா இருந்தா நேரா கேமரா டெக்னிக்கல் கோர்ஸ் பார்க்கலாம். ரெண்டையும் எனக்கு அனுப்பி வைங்க, காலேஜ் லிஸ்ட் அப்புறமா போடுவோம்.