கரண்ட் போய் வந்த பிறகு நாஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஏன் தானாக ஆன் ஆவதில்லை?

பெரும்பாலும் இது பழுதல்ல, செட்டிங்தான். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் என்றால் கன்ட்ரோல் பேனலில் 'ஹார்ட்வேர் & பவர்' பகுதியில், மின்தடைக்குப் பின் தானாகத் தொடங்கும் தேர்வை டிக் செய்யுங்கள்.

ஆன் ஆனதும் டிஸ்க் விளக்குகள் மணிக்கணக்கில் மினுக்கினால் பயம் வேண்டாம். எழுதும்போது பாதியில் கரண்ட் போனதால், ரெய்டில் (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) உள்ள டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று நாஸ் சரிபார்க்கிறது. முடியும்வரை வேகம் குறையும்; அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். அப்புறம், டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருந்த தரவு திரும்பாது. ரெய்டு அதைக் காப்பாற்றாது. யூபிஎஸ் வைத்தால் அதன் யூஎஸ்பி கேபிளையும் நாஸில் செருகி, செட்டிங்கில் யூபிஎஸ் ஆதரவை இயக்குங்கள். அப்போதுதான் பேட்டரி தீருமுன் நாஸ் முறையாக அணையும்.

ஆன் ஆகியும் கணினியில் தெரியவில்லையா? அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) மாறியிருக்கலாம். ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள்.