புழுவுக்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அப்பாவின் மாத்திரைதான் ஆபத்து

கேள்வி: அகதிகளாக அமெரிக்கா வந்து இரண்டு மாதமாகிறது. ரத்தப் பரிசோதனையில் 62 வயது அப்பாவுக்கு 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்' புழு என்று வந்திருக்கிறது. மலத்தில் எதுவும் இல்லை. விமானம் ஏறும் முன் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை ஒரு வேளை கொடுத்தார்கள். எங்களைத் திருப்பி அனுப்புவார்களா? குழந்தைகளுக்கு ஒட்டுமா? வீசிங் வந்தால் அப்பா கைவசமுள்ள பிரெட்னிசோலோனைப் போட்டுக்கொள்வார். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினே போதும் என்கிறது ஒரு வீடியோ.

பதில்: அனுப்ப மாட்டார்கள். சிகிச்சை பெறாத காசநோய், சிபிலிஸ் போன்றவைதான் நுழைவைத் தடுக்கும். குடற்புழு அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆனால் அப்பா வெறுங்காலோடு நடந்த மண்ணில் குழந்தைகளும் நடந்திருந்தால் அவர்களுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு மாத்திரைதான். மற்ற குடற்புழுக்கள் ஊரைவிட்டு வந்தபின் சில வருடங்களில் செத்துவிடும். இதன் குஞ்சுகளோ குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடல்சுவரைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் புகும். அதனால் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தங்கும். ஸ்டீராய்டு எதிர்ப்புசக்தியைத் தணித்ததும் அவை கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரலுக்குப் பாயும். போகும் வழியில் குடல் பாக்டீரியாக்களையும் ரத்தத்தில் கலந்துவிடும். அந்தக் கட்டத்தில் சிகிச்சை கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை. அந்த வீசிங்கே இந்தப் புழுவால் வந்ததாகவும் இருக்கலாம்!

எனவே இனி அவராக ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது. தினமும் மூன்று வாரத்துக்குமேல் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், வயிறு உப்பி வலி, வாந்தி, மூச்சுத்திணறல், தொப்புளைச் சுற்றி ஊதாப் புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பாசிட்டிவ், ஸ்டீராய்டு சாப்பிட்டார்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலத்தில் இல்லை என்பதை நம்பாதீர்கள். குஞ்சுகள் விட்டுவிட்டுத்தான் வெளியேறும்; ஒரு முறை மட்டும் மலம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படாமல் தப்பிவிடும். புழு இருந்தால் ரத்தத்தில் கூடும் வெள்ளையணுவான இயோசினோஃபிலின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஆறுதல் இல்லை, ஸ்டீராய்டு அதையும் இறக்கிவிடும். ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்குப் போதும், இதற்குப் போதாது.

மருந்து ஐவர்மெக்டின்தான், ஆனால் மனிதருக்கானது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்: 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், வெறும் வயிற்றில், ஒன்று அல்லது இரண்டு நாள். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நாட்கள் கூடலாம். மாட்டு மருந்தின் செறிவு மாட்டின் எடைக்கானது. வீடியோக்காரர் உங்கள் அப்பாவை எடைபோட்டுப் பார்க்கவில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவரென்றால் முதலில் லோவா லோவா புழுவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். அது ரத்தத்தில் நிறைய இருக்கும்போது ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கும்.

ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.