கேள்வி – பதில்: பனிக்கட்டிக்கு மேல் பலகை

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பந்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அதனால் சமையல், சினிமா, சாதகக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் அண்ணா குடும்பம் முப்பது வருடமாக மொன்றியலில் இருக்கிறது. மருமகன் கூடைப்பந்துப் பைத்தியம். பத்து வருடத்துக்குள் மொன்றியலுக்கு என்.பி.ஏ அணி, அதுதான் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கின் அணி, வந்தே தீரும் என்கிறான். அண்ணாவோ, "இது ஹொக்கி ஊரடா, இங்கே வேறொன்றும் நிற்காது, பேஸ்போல் அணி ஓடிப்போன கதை தெரியாதா" என்கிறார். குடும்ப வட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றி, இப்போது என்னை நடுவராகப் பிடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஹொக்கி பள்ளிக்கூட மைதானத்தில் ஆடியதுதான். என்ன சொல்லட்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அண்ணா சொல்லும் ஹொக்கி வேறு. அங்கே வெறுமனே ஹொக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் சறுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரப்பர் வில்லை ஒன்றைத் துரத்துவது. மொன்றியலுக்கு அது விளையாட்டு மாதிரியே இல்லை, கோயில் திருவிழா மாதிரி. 1909இல் தொடங்கிய கனேடியன்ஸ் அணி ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை 24 தடவை எடுத்திருக்கிறது. கடைசியாக எடுத்தது 1993இல். முப்பது வருடத்துக்கு மேல் கிண்ணம் இல்லாமலும் அந்த மண்டபம் நிரம்புகிறது என்றால் பற்று எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

ஆனாலும் தீர்ப்பு என்று கேட்டால், முக்கால் பங்கு மருமகன் பக்கம். மிச்சக் கால் அண்ணாவுக்கு, அதுவும் அவர் சொல்லாத ஒரு காரணத்துக்காக.

ஹொக்கியும் கூடைப்பந்தும் சக்களத்திகள் என்பது அண்ணாவின் நினைப்பு. உண்மையில் கூடைப்பந்து லீக் பிறந்ததே ஹொக்கி வீட்டின் பின்கட்டில்தான். 1946இல், ஹொக்கி ஆட்டம் இல்லாத இரவுகளில் மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கிறதே என்று கவலைப்பட்ட மண்டப உரிமையாளர்கள் கூடித்தான் பிற்காலத்தில் என்.பி.ஏ ஆன லீக்கை ஆரம்பித்தார்கள். அதற்குத் தலைவராக வந்த மொரிஸ் பொடோலொஃப் அதே நேரத்தில் ஒரு ஹொக்கி லீக்குக்கும் தலைவர். முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1ஆம் திகதி நடந்தது, எங்கே என்கிறீர்கள்? ரொறன்ரோவில், மேப்பிள் லீவ்ஸ் ஹொக்கி மண்டபத்தில். உள்ளூர் ஹஸ்கீஸ் 66, நியூயோர்க் 68. ஹஸ்கீஸின் மிக உயரமான ஆட்டக்காரரைவிட உயரமாக யார் வந்தாலும் டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் வேறு போட்டிருந்தார்கள். அந்த அணி ஒரே பருவத்தோடு மூடப்பட்டது, அது வேறு கதை.

பொஸ்டனை எடுங்கள். 1959 முதல் 1966 வரை அந்த ஊர்க் கூடைப்பந்து அணி செல்டிக்ஸ் தொடர்ந்து எட்டு வருடம் சம்பியன். ஏறக்குறைய அதே காலத்தில் அதே மண்டபத்தில் ஆடிய ஹொக்கி அணி புரூயின்ஸ் எட்டுப் பருவம் பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுப் பக்கமே போகவில்லை. கூட்டம் யாருக்கு? தோற்றுக்கொண்டிருந்த ஹொக்கிக்கு. பில் ரஸல் போன்ற கறுப்பின வீரர்கள் முன்னணியில் நின்ற அணியை அந்த ஊர் அப்போது முழு மனதோடு ஏற்கவில்லை என்பதும் அதில் சேரும். அப்படியிருந்தும் செல்டிக்ஸ் ஏன் பிழைத்தது? அதைத் தொடங்கிய வோல்ட்டர் பிரவுன்தான் மண்டபத்தையும் நடத்தினார், பிற்பாடு ஹொக்கி அணிக்கும் தலைவரானார், காசு முட்டியபோது தன் வீட்டையே அடகு வைத்தார். வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரரே சோறு போட்டுக் காப்பாற்றினால் அவர் ஏன் வெளியேறப் போகிறார்?

கனடாவுக்கு வருவோம், ஏனென்றால் அண்ணா அடுத்து வன்கூவரைத்தான் இழுப்பார். 1995இல் ஒரே நேரத்தில் இரண்டு அணிகள் தொடங்கின. ரொறன்ரோவில் ரப்டர்ஸ், வன்கூவரில் கிரிஸ்லீஸ். ஆறே வருடத்தில் கிரிஸ்லீஸ் மெம்ஃபிஸுக்குப் பெட்டி கட்டியது. எல்லாரும் "ஹொக்கி ஊர், அதனால்தான்" என்று எழுதினார்கள். ஆனால் முதல் வருடம் அங்கே சராசரியாக 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதுவும் 82 ஆட்டங்களில் 15 மட்டும் வென்ற அணிக்கு! வன்கூவரில் அந்த அணி ஆடிய ஆறு பருவங்களில் மொத்தம் 101 வெற்றி, 359 தோல்வி. வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை ஆறு வருடம் சோற்றைக் குழைய விட்டுக்கொண்டே இருந்தால் நீங்கள் போவீர்களா? மனுசருக்குப் பொறுமை என்று ஒன்று இருக்கிறது.

சரி, ரொறன்ரோவும்தானே தோற்றது? தோற்றது. 1997–98இல் 16 வெற்றி மட்டும். வித்தியாசம் அதற்குப் பிறகு வந்தது. 1998இல் வின்ஸ் கார்ட்டர் என்ற பையன் ரொறன்ரோவுக்கு வந்து வளையத்துக்கு மேலே பறந்தான், ஒரு தலைமுறைச் சிறுவர்கள் முழுக்க அவன் பின்னால் போனார்கள். 1999இல் வன்கூவர் தெரிந்தெடுத்த ஸ்டீவ் ஃபிரான்சிஸோ அங்கே ஆடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லி ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: 1998இல் ரொறன்ரோவின் ஹொக்கி அணிக்காரர்களே ரப்டர்ஸை வாங்கி, கட்டிக்கொண்டிருந்த புது மண்டபத்தில் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். வன்கூவரில் தலைகீழ். ஹொக்கி அணியும் கூடைப்பந்து அணியும் மண்டபமும் ஒரே கையில்தான் இருந்தன. 2000இல் கூடைப்பந்தை மட்டும் பிரித்து ஒரு சிகாகோ வியாபாரிக்கு விற்றார்கள். அடுத்த வருடமே அணி பறந்தது.

டொலரும் சேர்ந்து அடித்தது. ஆட்டக்காரர் சம்பளம் அமெரிக்க டொலரில், டிக்கெட் காசு கனேடிய டொலரில், அன்றைக்கு ஒரு கனேடிய டொலர் ஏறக்குறைய 65 அமெரிக்கச் சதம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியபோது வெளிநாட்டில் பிள்ளையைப் படிப்பித்துக்கொண்டிருந்த கொழும்புக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்று அந்தக் கஷ்டம் குறைவு, ஏனென்றால் என்.பி.ஏயின் பெரிய வருமானம் தொலைக்காட்சி ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்க டொலரிலேயே வந்து அணிகளுக்குள் பங்கிடப்படுகிறது.

அப்புறம் அந்த பேஸ்போல் கதை. எக்ஸ்போஸ் 1969 முதல் 2004 வரை மொன்றியலில் இருந்தது. 1994இல் அதுதான் லீக்கிலேயே முதலிடத்தில் நின்றது. ஓகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து பருவமே ரத்தானது, அடுத்த வருடம் நிர்வாகம் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றது. காதலித்தவளின் நகைகளை விற்றுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு யார் தினமும் போவார்கள்? இதில் ஹொக்கியின் குற்றம் எங்கே இருக்கிறது என்று அண்ணாவிடம் கேளுங்கள்.

மருமகனுக்கு இன்னும் இரண்டு துருப்புச்சீட்டுத் தருகிறேன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் கனடாக்காரர், மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் வை.எம்.சி.ஏ பயிற்சிக் கல்லூரியில் பீச் பழக்கூடையைச் சுவரில் அறைந்து ஆரம்பித்து வைத்தார். மற்றது, இன்றைய மொன்றியல் அண்ணா போய் இறங்கிய மொன்றியல் இல்லை. ஹொக்கிக்குச் சறுக்குச் சப்பாத்து, காப்புகள், மட்டை, பனித்தரை வாடகை என்று ஒரு பிள்ளைக்கே குடும்பம் கரையும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் பூங்காவில் ஒரு வளையமும் போதும். அதனால்தான் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அந்த விளையாட்டில் மேலே வந்தார்கள். மொன்றியல் நோர்த்தில் வளர்ந்த லுகென்ஸ் டோர்ட் 2025இல் ஒக்லஹோமா சிற்றியோடு சம்பியன் ஆனார். பெனடிக்ட் மத்துரினும் அந்த நகரத்துப் பையன்தான். 2022 முதல் வெர்டன் மண்டபத்தில் அலையன்ஸ் என்று ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி கோடையில் ஆடுகிறது. சின்ன லீக்தான், ஆனாலும் ஆடுகிறது.

இப்போது அண்ணாவின் கால் பங்கு. பெல் சென்டர் மண்டபம் கனேடியன்ஸ் உரிமையாளர்களான மோல்சன் குடும்பத்தாரிடம் இருக்கிறது. அவர்கள் கூட்டாளியாக வராமல் மொன்றியலில் என்.பி.ஏ அணி என்பது, அடுத்தவர் அடுப்பில் உலை வைக்கிற மாதிரி. வாடகை அவர்கள் சொன்னது, திகதி அவர்கள் கொடுத்தது, நல்ல சனிக்கிழமை இரவு ஹொக்கிக்கு. விலையும் ஏறிவிட்டது. 1995இல் ரப்டர்ஸ் லீக்கில் சேரக் கட்டியது 12.5 கோடி அமெரிக்க டொலர். 2025இல் செல்டிக்ஸ் விலைபேசப்பட்டது 610 கோடிக்கு. ரசிகர்கள் வருவார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு காசோடு மோல்சன் வீட்டுக் கதவைத் தட்டப் போகும் ஆள் யார் என்று மருமகனிடம் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பனிக்கட்டியில் ஆடுகிற அதே மண்டபத்தில் மறுநாள் எப்படிக் கூடைப்பந்து ஆடுகிறார்கள்? உருக்கிவிட்டு மறுபடி உறைய வைப்பார்களா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உருக்க மாட்டார்கள், மூடிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் கூரைக்குக் கிட்ட மலிவான இருக்கையில் உட்கார்ந்து ரப்டர்ஸ் ஆட்டம் பார்த்தேன். முடிந்ததும் சனம் வெளியேற, நான் மட்டும் பராக்குப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கி நின்றேன். கையுறை போட்ட ஆட்கள் வந்து ஆணி கழற்றுகிற மாதிரி எதையோ கழற்றி, மேப்பிள் பலகைத் தரையைத் துண்டு துண்டாகத் தூக்கி வண்டியில் அடுக்கினார்கள். இப்படி இருநூறுக்கு மேல் துண்டுகள் இருக்குமாம். அதற்குக் கீழே குளிர் தடுக்கிற தட்டுகள். ஒரு மூலையில் அந்தத் தட்டையும் எடுத்தபோது வெள்ளையாகப் பனிக்கட்டி தெரிந்தது, கணுக்காலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த மாதிரி காற்று. என்னைக் கூட்டிப்போன சித்தப்பா "கடைசி ரெயினை விடப்போறாய், வாடா" என்று சத்தம் போட்டதால் மிச்சம் பார்க்கவில்லை.

வெளியே ஈரப்பதம் கூடினால் பலகை வியர்க்கும். 2016 நவம்பர் 30ஆம் திகதி ஃபிலடெல்பியாவில் அப்படித் தரை வழுக்கி, ஆட்டத்தையே இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். கொழும்புப் புழுக்கத்தில் இந்த வேலையைச் செய்தால் கூடைப்பந்து அல்ல, நீச்சல் போட்டிதான் வைக்கலாம்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மாத்தளை. நம் நாட்டில் ஹொக்கி ஊர் என்றால் அதுதான் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயோ கொழும்பிலேயோ சம்பளம் கொடுத்து ஒரு கூடைப்பந்து அணி நடத்தினால் நிற்குமா?
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: மாத்தளைக்கு நோகாமல் சொல்கிறேன்: இப்போதைக்கு நிற்காது. கொழும்பில்? அரைகுறையாக நிற்கும்.

சுகததாச உள்ளக அரங்கு இருக்கிறது, ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், படையணிகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள் நிறையப் பேர். கஷ்டம் பார்வையாளரிடம். நம்மூரில் ஊருக்காகக் கத்துகிற பழக்கம் குறைவு, பள்ளிக்கூடத்துக்காகத்தான் கத்துவோம். ஐம்பது வயதில் கழுத்துப்பட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடங்கள் மோதும் பிக் மெச் கிரிக்கெட்டுக்குப் போய் பப்பரே வாத்தியத்துக்கு ஆடுகிற கனவான், கொழும்பு என்ற பெயருள்ள அணிக்கு அடுத்த வாரம் 500 ரூபாய் டிக்கெட் எடுப்பாரா? மாட்டார்.

லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா அணிக்காகத் தமிழர்கள் துள்ளினார்களே என்பீர்கள். துள்ளினோம், நானும்தான். ஆனால் 2020இல் அந்த அணி கிண்ணத்தை வென்றது அம்பாந்தோட்டையில், யாழ்ப்பாணத்தில் ஒரு பந்துகூட வீசாமல். பெயரையும் தொலைக்காட்சியையும் வைத்து இரண்டு மூன்று வாரம் கிரிக்கெட் நடத்தலாம். என்.பி.ஏ அணியோ தன் ஊரில் மட்டும் 41 இரவு ஆடி ஒவ்வொரு இரவும் டிக்கெட் விற்க வேண்டும். நமக்கு 41 வேண்டாம், எட்டு வெள்ளிக்கிழமை வைத்துப் பாருங்கள், பழைய மாணவர் சங்கங்களைக் கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வாருங்கள். கொத்துக் கடையை வாசலுக்கு வெளியே போடாமல் உள்ளே போடுங்கள். நான் வருவேன். டிக்கெட் வாங்கித்தான் வருவேன்.

கேள்வி: நம்ம இலங்கை அணித் தர்ஜினி வலைப்பந்துக்குப் பதிலாகக் கூடைப்பந்து ஆடியிருந்தால்?
– வாசகி, தெமட்டகொடை

பதில்: தர்ஜினி 208 சென்ரிமீற்றர் உயரம். வளையம் இரண்டு விளையாட்டிலும் ஒரே 305 சென்ரிமீற்றரில்தான், வலைப்பந்தே கூடைப்பந்தின் பிள்ளைதானே. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து எதிராளி மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும், கூடைப்பந்தில் இடுப்பில் முழங்கையைக் கொடுத்துக்கொண்டே நிற்பார்கள். அதையும் சமாளித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், அமெரிக்கப் பெண்கள் லீக்கில் 218 சென்ரிமீற்றர் உயரமான மார்கோ டிடெக் சமாளித்தாரே. ஆனால் 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை நமக்கு யார் எடுத்துத் தந்திருப்பார்கள்? மாற்றமாட்டேன்.