தோடா பேச மறுக்கும் மகள்: எங்கள் வீட்டில் ஊசிதான் கைகொடுத்தது

கோவைக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது, ஒன்பது வயது மகள் பாட்டி தோடா மொழியில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறாள், நீலகிரியில் உள்ள நம் தோடர் குடியிருப்பான மந்துக்கு வரவும் மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள் அக்கா. எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

முதலில் நான் செய்த தப்பு: தோடாச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி என் மகளை மனப்பாடம் செய்யச் சொன்னேன். நம் மொழிக்குத் தனி எழுத்து இல்லை, அதன் உரசல் ஒலிகள் தமிழ் எழுத்தில் அடங்கவும் அடங்காது. அவளுக்கு அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிட்டது.

அப்புறம் பாட்டிதான் நம் பூவேலைப் போர்வையான பூத்துக்குளிக்கான துணி ஒன்றை எடுத்து மடியில் போட்டார். வெள்ளைத் துணி, கறுப்பு, சிவப்பு நூல். கோடு வரைவது கிடையாது. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போக வேண்டும். ஓர் இழை தவறினால் வரிசையே கோணும். எண்ணிக்கை முழுக்கத் தோடாவில்தான். இரண்டே வாரத்தில் பாட்டியின் தப்பை இவள் பிடிக்க ஆரம்பித்தாள்!

அந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்லுங்கள். பள்ளியில் கிண்டல் செய்தால் பதில் சொல்ல உதவும்.

முத்தநாடு மந்துத் திருவிழாவுக்கு மட்டும் கூட்டிப்போனால் போதாது. அங்கே ஆடுவதும் கல் தூக்குவதும் ஆண்கள்தான், பெண்பிள்ளை ஓரமாக நின்று சலித்துப்போகும். சாதாரண விடுமுறையில், எருமை கறக்கும் நேரத்தில் போங்கள். போன் சார்ஜர் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.