புலிட்சர் பரிசு என்றால் என்ன? யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இதழியல், இலக்கியம், இசைக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் தரும் விருது இது. பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சர் உயில் எழுதி வைத்த பணத்தில் 1917 முதல் கொலம்பியா பல்கலைக்கழகம் வழங்குகிறது. இசை 1943-இல்தான் சேர்ந்தது.

தேர்வு முறைதான் சுவாரசியம். நடுவர்கள் பிரிவுக்கு மூன்று படைப்புகளை எடுத்துக் கொடுப்பார்கள். முடிவு புலிட்சர் வாரியத்தின் கையில். தரகர் மூன்று ஜாதகம் கொண்டுவர, வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசுவது மாதிரி. மூன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். 2012-இல் புனைகதைக்கு அதுதான் நடந்தது: எதற்கும் பெரும்பான்மை வாக்கு விழவில்லை, பரிசே இல்லை. நடுவர்களுக்குக் கடுப்பு, நியாயம்தானே!

அப்புறம், புத்தக அட்டையில் 'புலிட்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டது' என்றிருந்தால் மயங்க வேண்டாம். கட்டணம் கட்டி அனுப்பிய புத்தகத்துக்கும் அப்படிப் போட்டுக்கொள்வார்கள், கணக்கில் வருவது அந்த மூன்று மட்டுமே.